‘திண்டிவனத்திலிருந்து’ – இது எத்தனை சொல்?

திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்கு வந்துகொண்டிருந்தாள்.

இந்த வாக்கியத்தில் எத்தனை சொற்கள்? கணினியைக் கேட்டால் மூன்று என்று சொல்லும். இதையே ‘திண்டிவனத்தில் இருந்து விழுப்புரத்துக்கு வந்து கொண்டு இருந்தாள்’ என்று தட்டிவிட்டுக் கேட்டால் ஆறு என்று சொல்லும். வந்தவள் ஒருத்திதான். பயணமும் ஒன்றுதான், ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர். விசைப்பலகையின் அடியில் இருக்கும் நீளக் கட்டையை மூன்று முறை கூடுதலாகத் தட்டியதுதான் வித்தியாசம்!

‘300 சொற்களுக்கு மிகாமல்’ என்று கட்டுரைப் போட்டிக்கு அறிவிப்பு வரும்போது, சேர்த்து எழுதிப் பழகிய மாணவருக்கும் பிரித்து எழுதிப் பழகிய மாணவருக்கும் கிடைக்கும் இடம் ஒன்றல்ல. ஒருவருக்கு 300 என்றால் மற்றவருக்கு 400, 450 கூட ஆகலாம். இதை யாரும் அநியாயம் என்று நினைப்பதில்லை. சொல் என்றால் என்ன என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம் என்ற நினைப்புதான் காரணம்.

உண்மையில் யாருக்கும் தெரியாது. மிகைப்படுத்தல் இல்லை இது. மொழியியல்காரர்கள் நூறு வருடமாக முட்டி மோதிக்கொண்டிருக்கும் கேள்வி. அமெரிக்க மொழியியலாளர் லெனார்ட் புளூம்ஃபீல்ட் 1933 இல் எளிமையாக ஒரு விடை சொன்னார். தனியாக நிற்கக்கூடிய மிகச் சிறிய வடிவம் எதுவோ அதுவே சொல் என்றார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ‘எங்கே இருக்கிறாய்?’ என்று கேட்டால் ‘திண்டிவனத்தில்’ என்று பதில் சொல்லலாம். வெறுமனே ‘இல்’ என்று சொல்ல முடியாது. ஆகவே ‘திண்டிவனத்தில்’ ஒரு சொல். சரி. ‘திண்டிவனத்துக்கா, திண்டிவனத்திலிருந்தா?’ என்று நடத்துனர் கேட்டால்? ‘இருந்து’ என்று மட்டும் பதில் சொல்லிப் பாருங்கள். பக்கத்து இருக்கைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்.

இந்தச் சிக்கலில் தமிழைவிட மோசமாக மாட்டிக்கொண்டவை திபெத்திய-பர்மிய மொழிகள். இமயமலைச் சரிவு, வடகிழக்கு மாநிலங்கள், மியான்மர் என்று பரந்து கிடக்கும் குடும்பம் இது. இந்திய அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் இந்தக் குடும்பத்துக்காரர்கள் இருவர் உண்டு. மணிப்புரி 1992 இலும் போடோ 2003 இலும் உள்ளே வந்தன. திபெத்திய எழுத்தில் ஒவ்வொரு அசைக்குப் பின்னும் ஒரு புள்ளி வைப்பார்கள். அசை எங்கே முடிகிறது என்று தெரியும், சொல் எங்கே முடிகிறது என்று தெரியாது. பர்மிய எழுத்து தென்னிந்தியாவிலிருந்து போன எழுத்தின் வாரிசு. அதில் இடைவெளி விடுவார்கள், ஆனால் தொடருக்குத் தொடர்தான் விடுவார்கள், சொல்லுக்குச் சொல் அல்ல. ஆகவே அந்த மொழிகளுக்கு மென்பொருள் எழுத உட்காருபவருக்கு முதல் வேலையே எது சொல் என்று முடிவு செய்வதுதான்.

எழுத்தை விடுங்கள். பேச்சிலும் அதே கதை. கிழக்கு நேபாளத்தின் தன்குட்டா மாவட்டத்தில் சிந்தாங் என்றொரு சிறிய மொழி இருக்கிறது. அதை ஆராய்ந்த பால்தசார் பிக்கல் குழுவினர் 2007 இல் வெளியிட்ட கட்டுரை மொழியியலில் பெரிய பரபரப்பை உண்டாக்கியது. அந்த மொழியில் வினைச்சொல்லின் முன்னால் ஒட்டுகள் வரும். அந்த ஒட்டுகளை எந்த வரிசையில் வேண்டுமானாலும் மாற்றிப் போடலாம், பொருள் மாறாது! சொல்லுக்குள் இருக்கும் உறுப்புகள் இடம் மாறக்கூடாது என்பது இலக்கணத்தில் பாலபாடம். ‘வந்தாள்’ என்பதை ‘ஆள்வந்த்’ என்று மாற்ற முடியுமா? சிந்தாங்கில் கிட்டத்தட்ட அது நடக்கிறது. இலக்கணப்படி பார்த்தால் ஒரே வினைச்சொல், காதுக்கு அது பல துண்டு.

அதே பகுதியின் லிம்பு மொழியிலும் இப்படித்தான். ஓர் ஒலி விதி முன்னொட்டையும் சேர்த்து முழுவதையும் ஒரே சொல்லாக நடத்துகிறது. இன்னொரு விதி முன்னொட்டை வாசலிலேயே நிறுத்திவிட்டு மீதியை மட்டும் சொல் என்கிறது. இரண்டு விதியும் அந்த மொழியின் சொந்த விதிகள்தான். யார் சொல்வதை நம்புவது?

டிக்ஸனும் ஐகன்வால்டும் தொகுத்து 2002 இல் கேம்பிரிட்ஜ் வெளியிட்ட நூல் ஒன்றில் இதற்கு ஒரு சமாதானம் இருக்கிறது. ஒலியை வைத்துப் பார்த்தால் வருவது ஒரு சொல், இலக்கணத்தை வைத்துப் பார்த்தால் வருவது இன்னொரு சொல். பல நேரம் இரண்டும் ஒத்துப்போகும், சில நேரம் போகாது. மார்ட்டின் ஹாஸ்பெல்மாத் 2011 இல் இன்னும் ஒரு படி மேலே போனார். சொல்லை அடையாளம் காணப் பயன்படும் பத்துச் சோதனைகளை வரிசையாக எடுத்து அலசிவிட்டு, எல்லா மொழிக்கும் பொருந்தும் சொல் என்ற வரையறையே கிடையாது என்று சொல்லிவிட்டார்.

இதையெல்லாம் கேட்டால் தொல்காப்பியர் பெரிதாக ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார் என்றே தோன்றுகிறது.

தமிழ் இலக்கணத்தில் சொல் நான்கு வகை: பெயர், வினை, இடை, உரி. பள்ளிக்கூடத்தில் எல்லோரும் மனப்பாடம் செய்ததுதான். ஆனால் இடைச்சொல் என்று ஒரு வகை வைத்ததில் இருக்கும் தைரியத்தை யாரும் நின்று பார்ப்பதில்லை. தொல்காப்பியம் இடைச்சொல்லை ஏழு வகையாகப் பிரிக்கிறது. வேற்றுமை உருபு, சாரியை, வினையில் காலம் காட்டுகிற உறுப்புகள், அசைநிலை எல்லாம் அதற்குள் அடக்கம். இவை பெயரோடும் வினையோடும் சேர்ந்து நடக்குமே தவிர தாமாகத் தனித்து நடக்காது என்றும் சொல்லிவிடுகிறது. அதாவது தனியாக நிற்காத ஒன்றையும் ‘சொல்’ என்றே கூப்பிடுகிறது! புளூம்ஃபீல்டின் வரையறை இந்த வீட்டில் செல்லாது. இதன்படி ‘வீட்டில்’ என்பதில் இருப்பது இரண்டு சொல்: வீடு என்ற பெயர்ச்சொல், இல் என்ற இடைச்சொல். நன்னூலில் வேற்றுமை உருபு பெயரோடு எப்படிச் சேர்கிறது என்பதைச் சொல்ல உருபு புணரியல் என்று தனியாக ஓர் இயலே இருக்கிறது. இரண்டு இருந்தால்தானே புணர்ச்சி?

நன்னூல் எழுதிய பவணந்தி 13 ஆம் நூற்றாண்டுச் சமண முனிவர். (தமிழ்ச் சமணர்களின் மடம் இன்றும் திண்டிவனத்துக்குப் பக்கத்தில் மேல்சித்தாமூரில் இருக்கிறது. அந்தச் சுற்றுவட்டாரக் கிராமங்களில் அவர்கள் வாழ்கிறார்கள்.) பவணந்தி எழுத்துக் கணக்கே போட்டுக் கொடுத்திருக்கிறார். ஓரெழுத்தாலான சொல் 42. பிரிக்க முடியாத பகாபதம் இரண்டிலிருந்து ஏழு எழுத்து வரை வரும். பிரிக்கக்கூடிய பகுபதம் இரண்டிலிருந்து ஒன்பது எழுத்து வரை. ஒன்பதுக்கு உரைகாரர்கள் காட்டும் உதாரணம் ‘உத்தரட்டாதியான்’, அந்த நட்சத்திரத்தில் பிறந்தவன்.

இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு முதல் வாக்கியத்துக்குப் போனால் வேடிக்கையாக இருக்கும். ‘வந்துகொண்டிருந்தாள்’ பத்து எழுத்து. ‘திண்டிவனத்திலிருந்து’ பதினொன்று. இரண்டுமே வரம்பைத் தாண்டிவிட்டன. நீளமான பிறவினை வடிவங்கள் இந்தக் கணக்கை மீறும் என்று உரைகாரர்களே ஒப்புக்கொள்கிறார்கள், அது வேறு விஷயம். பவணந்தி கண்ணால் அளக்கவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. அவர் காலத்து ஓலையில் இடைவெளியே கிடையாது.

ஓலையில் மட்டுமல்ல, கல்லிலும் கிடையாது. திண்டிவனத்திலிருந்து செஞ்சி முப்பது கிலோமீட்டருக்குள். செஞ்சிக்குப் பக்கத்தில் திருநாதர் குன்று. ஒரு பெரிய பாறையில் இருபத்து நான்கு தீர்த்தங்கரர்களையும் இரண்டு வரிசையாகச் செதுக்கியிருக்கிறார்கள். அங்கே ஏறக்குறைய ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு சிறு கல்வெட்டு இருக்கிறது. சந்திரநந்தி என்ற சமண ஆசிரியர் 57 நாள் உண்ணா நோன்பிருந்து உயிர் விட்ட இடம் என்று சொல்கிறது. தமிழ் எழுத்து வட்டெழுத்தாக மாறிய கதையைச் சொல்லும்போது அறிஞர்கள் தவறாமல் காட்டும் கல்வெட்டு அது. அதில் ஐம்பத்தேழு என்ற எண்ணும் உண்ணாமையைக் குறிக்கும் அனசனம் என்ற வடசொல்லும் ‘ஐம்பத்தேழனசனம்’ என்று ஒன்றாகக் கலந்து நிற்கின்றன. ‘ழு’வில் இருந்த உகரம் போய், அந்த இடத்தில் ‘அ’ ஏறிக்கொண்டது. இப்போது கோடு எங்கே போடுவது? ‘ழ’ என்ற எழுத்தின் மெய் ஒரு சொல்லுக்குச் சொந்தம், அதன் உயிர் இன்னொரு சொல்லுக்குச் சொந்தம். எழுத்தை நடுவில் பிளந்தால்தான் உண்டு. உளியைப் பிடித்தவருக்கு அது ஒரு பிரச்சினையாகவே தோன்றியிருக்காது. வாய் எப்படிச் சொன்னதோ அப்படிச் செதுக்கினார்.

இடைவெளி என்ற பழக்கம் தமிழில் ஊன்றியது அச்சோடுதான். அச்சிலும் பழைய செய்யுளைச் சந்தி பிரிக்காமல் போடுவதே நெடுநாள் வழக்கம். 1950களில் மர்ரே ராஜம் மலிவு விலையில் சந்தி பிரித்த பதிப்புகள் போட்டபோது, சாதாரண வாசகர் முதன்முதலாகப் பழைய இலக்கியத்தைப் பயமில்லாமல் திறக்க முடிந்தது. அது பெரிய தொண்டு. ஆனால் ஒவ்வொரு இடைவெளியும் ஒரு தீர்ப்பு என்பதையும் மறக்கக்கூடாது. பிரித்தவர் ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்துவிட்டார், வாசகர் அந்தப் பொருளைத்தான் படிக்கிறார். வேங்கை என்பது மரமும் புலியும் ஆகும், பிரித்தால் வேகின்ற கை ஆகும். பொதுமொழி என்று இலக்கணம் இதற்குப் பெயர் வைத்திருக்கிறது. இடைவெளி விட்டால் பொது போய்விடும், ஒரு பக்கம் மட்டும் மிஞ்சும்.

திருக்குறளில் 14,000 சொற்கள் என்று பொது அறிவுப் புத்தகங்களில் அச்சிடுவதுண்டு. போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் நூலக வாசலில் உட்கார்ந்து இதை நெட்டுருப் போடுகிறார்கள். 1330 குறள், குறளுக்கு ஏழு சீர், ஆக 9310 சீர். இந்தக் கணக்கு அசையாது. 14,000 எப்படி வந்தது? எந்தப் பதிப்பில், எதைப் பிரித்து, எதைச் சேர்த்து எண்ணியது? உருபைத் தனியாக எண்ணினார்களா? அந்த எண்ணுக்கு அர்த்தம் வர வேண்டுமானால் அதற்கு முன்னால் சொல் எது என்று ஒரு பக்கமாவது எழுதியிருக்க வேண்டும். அந்தப் பக்கம் அந்தப் புத்தகங்களில் இருப்பதில்லை. மதிப்பெண் மட்டும் உண்டு.

தட்டச்சு நிலையங்களில் இந்த வம்பே வேண்டாம் என்று முடிவு கட்டிவிட்டார்கள். ஆங்கிலத் தட்டச்சில் ஐந்து தட்டு ஒரு சொல். இளநிலைக்கு நிமிடத்துக்கு 30, முதுநிலைக்கு 45. அங்கே ‘சொல்’ என்பது பொருள் சம்பந்தப்பட்டதே அல்ல, படி, ஆழாக்கு மாதிரி வெறும் அளவை. நேர்மையான ஏற்பாடு!

சரி, தமிழில் எங்கே சேர்க்கலாம், எங்கே பிரிக்கலாம் என்று காட்டச் சோதனைகளே இல்லையா? இருக்கின்றன. பேருந்துப் பலகையிலேயே ஒன்று தொங்குகிறது. ‘திண்டிவனம் வழியாக’ என்கிறோம். ஊர்ப் பெயர் அப்படியே நிற்கிறது. ‘திண்டிவனத்துக்கு’ என்னும்போது ‘ம்’ உதிர்ந்து ‘அத்து’ வந்துவிடுகிறது. ‘கு’ பெயருக்குள் கையை விட்டு அதன் உருவத்தையே மாற்றுகிறது, ‘வழியாக’ தொடாமல் தள்ளி நிற்கிறது. ஆகவே ‘கு’வைப் பிரித்து எழுத யாருக்கும் தோன்றாது, ‘வழியாக’வைச் சேர்த்து எழுதவும் தோன்றாது. (இணையத்தில் ‘திண்டிவனம்’ என்று தேடினால் ‘திண்டிவனத்தில்’ என்று எழுதிய பக்கங்கள் நழுவிப்போகக்கூடும் என்பதற்கும் இந்த ‘அத்து’தான் காரணம்.)

நடுவில் ‘இருந்து’ இருக்கிறது பாருங்கள், அதுதான் தகராறு. பள்ளிப் புத்தகம் அதைச் சொல்லுருபு என்கிறது. பாதி சொல், பாதி உருபு. பெயர் வைத்தவர் தப்பித்துக்கொண்டார்! ஆனால் இடைவெளி விடுவதா கூடாதா என்பதை அது சொல்லவில்லை. இங்கே இடைவெளி வெறும் அழகு விஷயம் அல்ல. ‘திண்டிவனத்தில் இருந்து படித்தாள்’ என்றால் அந்த ஊரில் தங்கிப் படித்தாள். ‘திண்டிவனத்திலிருந்து வந்தாள்’ என்றால் அங்கிருந்து கிளம்பினாள். முதலாவதில் ‘இரு’ என்ற வினை உயிரோடு இருக்கிறது. இரண்டாவதில் அது இறந்து உருபாகிவிட்டது. ஒரு ‘உம்’மை நடுவில் நுழைத்துப் பார்த்தால் தெரியும். ‘திண்டிவனத்திலும் இருந்து, விழுப்புரத்திலும் இருந்து படித்தாள்’ என்று தங்கியதைச் சொல்லலாம். கிளம்பியதைச் சொல்ல ‘திண்டிவனத்திலிருந்தும்’ என்று கடைசியில்தான் ‘உம்’ போட முடியும். இடையில் ஆள் நுழைய முடியாத வீடு ஒரே வீடு.

இதே சோதனையைத் துணைவினைகளிடம் காட்டினால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விடை சொல்கிறது. ‘வந்துவிட்டான்’ என்பதன் நடுவே ‘ஏ’ நுழைகிறது: ‘வந்தே விட்டான்’. ‘வந்துகொண்டிருந்தாள்’ என்பதில் ‘கொண்டு’க்குப் பின்னால் நுழைகிறது: ‘வந்துகொண்டேயிருந்தாள்’. ‘வந்து’க்கும் ‘கொண்டு’க்கும் நடுவே நுழைய மறுக்கிறது. ‘வந்தே கொண்டிருந்தாள்’ என்று யாரும் சொல்வதில்லை. அப்படியானால் ‘வந்துகொண்டு இருந்தாள்’ என்று இரண்டாக எழுதுவதற்குத்தான் மொழியின் ஆதரவு அதிகம். ஆனால் அச்சில் அதிகம் கண்ணில் படுவது ‘வந்து கொண்டிருந்தாள்’. இருக்கும் இடைவெளிகளிலேயே தப்பான இடத்தில் விழுந்தது அது!

காதையும் ஒரு சாட்சியாகக் கூப்பிடலாம். ‘தான் வந்தான்’ என்பதில் ‘தா’ வல்லோசையாக ஒலிக்கும். ‘அவன்தான் வந்தான்’ என்பதில் அதே எழுத்து மெலிந்து ஒலிக்கும். சொல்லின் முதலில் வல்லினம் மெலியாது என்பது தமிழ் வாய்க்குப் பழக்கம். ஆகவே இரண்டாவது ‘தான்’ சொல்லின் முதலில் இல்லை, முன்னிருப்பதோடு ஒட்டிவிட்டது. ‘அவன் தான்’ என்று பிரித்துத் தட்டுகிறவர்கள் வாய்விட்டுப் படித்துப் பார்க்கலாம்.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று கேட்கலாம். பிழைதிருத்தியைக் கேளுங்கள். நீச்சல்காரன் உருவாக்கிய ‘நாவி’ போன்ற சந்திப்பிழை திருத்திகள் முதலில் சொல்லின் எல்லையைக் கண்டால்தான் வலி மிகுமா மிகாதா என்று சொல்ல முடியும். செக் நாட்டுப் பிராகா நகரின் சார்லஸ் பல்கலைக்கழகத்தில் 600 தமிழ் வாக்கியங்களுக்கு இலக்கண மரம் வரைந்தபோது, ‘உம்’ போன்ற ஒட்டுகளைத் தனித் துண்டுகளாக வெட்டிவிட்டுத்தான் வேலையையே ஆரம்பித்தார்கள். இடைச்சொல்லும் சொல்தான் என்ற பழைய கணக்கு கணினிக்கு இப்படிப் பயன்பட்டது. அகராதிக்காரர்களுக்கும் இதே பாடு. 1992 இல் வெளிவந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி துணைவினைகளுக்குத் தனிப் பதிவு கொடுத்தது. ‘விடு’ என்று பார்த்தால் கையிலிருப்பதை விடுவது ஒன்று, ‘வந்துவிடு’வில் வரும் விடு வேறொன்று.

சொல் என்ற எல்லை ஓர் இடத்தில் நிற்பதும் இல்லை. திண்டிவனம் என்ற பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். திந்திரிணி என்றால் வடமொழியில் புளி. புளியங்காடாக இருந்த இடம் என்று சொல்வார்கள், ஊர்ச் சிவனுக்கும் திந்திரிணீசுவரர் என்றே பெயர். இரண்டு சொல் தேய்ந்து ஒன்றாகிவிட்டது. இன்று ‘ஒரு திண்டிவனம் டிக்கெட்’ என்று கேட்கிறவர் காதில் புளியும் இல்லை, வனமும் இல்லை. விழுப்புரத்தில் நடுவே நிற்கும் அந்த ‘ப்’ மட்டும் இங்கே ஒரு காலத்தில் இரண்டு இருந்தது என்று இன்னும் காட்டிக்கொடுக்கிறது.

பேச்சில் இது கண் முன்னாலேயே நடக்கிறது. ‘திண்டிவனத்திலிருந்து’ வாயில் ‘திண்டிவனத்துலேந்து’ ஆகிவிட்டது. தங்கிப் படித்ததைச் சொல்லும்போது ‘திண்டிவனத்துல இருந்து படிச்சா’ என்பார்களே தவிர ‘லேந்து படிச்சா’ என்று சொல்ல மாட்டார்கள். எழுத்தில் தகராறாக இருந்ததை வாய் எப்போதோ தீர்த்துவிட்டது. ‘கொண்டு’ என்ற முழு வினை தெற்கே ‘கிட்டு’ ஆயிற்று, சென்னையில் ‘கினு’ ஆயிற்று, விழுப்புரத்தை ஒட்டிய வட மாவட்டங்களில் வெறும் ‘னு’வாகச் சுருங்கிவிட்டது: ‘வந்துனு இருந்தா’. கையில் பிடித்துக்கொள்ளும் கொள்ளுக்கும் இந்த ‘னு’வுக்கும் உறவு உண்டு என்று சொன்னால் பேசுகிறவரே சிரிப்பார். அந்த வட்டாரப் பேச்சில் கதை எழுத உட்காருகிறவர் ‘வந்துனு இருந்தா’ என்று எழுதுவதா, ‘வந்துனிருந்தா’ என்று எழுதுவதா என்பதற்கு இன்னும் எந்த இலக்கணமும் விதி சொல்லவில்லை. காதில் விழுந்தபடி எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போகிறார்கள், திருநாதர் குன்றில் உளி பிடித்தவர் மாதிரி.